கென்னடி கோப்புகளுக்கு இயந்திரப் பெயரடைவு: வெளியிடலாமா, கூடாதா?

#1 டாலஸ்பித்தன்

2025 மார்ச் 18 அன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், 1963இல் டாலஸில் நடந்த அதிபர் கென்னடி கொலை தொடர்பான கோப்புகளை மறைப்பு நீக்கி இணையத்தில் ஏற்றத் தொடங்கியது நண்பர்களுக்குத் தெரியும். இறக்கிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். கோப்பின் பெயர் வெறும் எண். 104 என்று தொடங்கினால் சி.ஐ.ஏ.விடமிருந்து வந்தது, 124 என்றால் எஃப்.பி.ஐ., 180 என்றால் 1970களின் பிரதிநிதிகள் சபைக் குழு. உள்ளே யார் பெயர் வருகிறது என்பதைத் திறந்து படித்தால்தான் அறியலாம். பல பக்கங்கள் கார்பன் நகலின் ஸ்கேன். மொத்தத் தொகுப்பு 50 லட்சம் பக்கங்களைத் தாண்டும்.

நிரல்நேசன் ஒரு சோதனை அடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியல்) செய்திருக்கிறார். இயந்திரமே பக்கத்தை வாசித்துப் பெயர்களைப் பிரித்தெடுத்து, ஒரே ஆள் என்று தோன்றுபவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கிறது. அதைப் பொதுவில் வைக்கலாமா என்று கேட்டார். நான் வைக்கலாம் என்கிற கட்சி. எதிர்க்கட்சி வரட்டும்.

#2 நிரல்நேசன்

சுருக்கமாக என் வாதம். 1964இல், கொலையை முதலில் விசாரித்த வாரன் ஆணையம் 26 தொகுதிகள் சாட்சியமும் சான்றுப் பொருள்களும் வெளியிட்டது. பெயர்களுக்கு ஓர் அடைவு இருந்தது. பொருள்வாரியாக எதுவும் இல்லை. நியூயார்க்கில் உலக சுகாதார நிறுவனத்தில் வேலைபார்த்த சில்வியா மெயர் என்ற பெண்மணி, தாமே உட்கார்ந்து பொருளடைவு தயாரித்து 1966இல் வெளியிட்டார். டாலஸில் மேரி ஃபெரல் என்ற சட்டச் செயலர் அட்டை அட்டையாகப் பெயர்களைத் தட்டச்சு செய்து சேர்த்தார். அரசு செய்ய வேண்டிய வேலையைத் தனி மனிதர்கள் ஆயுளைக் கொடுத்துச் செய்தார்கள். இன்று அதே வேலையை என் மேசைக் கணினி செய்கிறது. செய்த பிறகு பூட்டிவைப்பது எந்த நியாயம்?

#3 ஏழாம்அலமாரி

நூலகத்தில் அடைவு வேலையே என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெயரை உங்கள் பக்கத்துச் சாட்சியாக அழைத்தீர்கள். அவர் என் பக்கம்தான் பேசுவார். பெயரடைவு கையில் இருந்தும் அது போதாது என்றுதானே அந்த அம்மா வேலையைத் தொடங்கினார்? 26 தொகுதிகளையும் வரிக்கு வரி படித்த பிறகே அடைவு எழுதினார். படித்தவர் எழுதிய அடைவுக்கும் படிக்காத ஒன்று எழுதிய அடைவுக்கும் வேறுபாடு வேகத்தில் மட்டும் இல்லை.

கொலையாளி என்று வாரன் ஆணையம் சொன்ன ஆஸ்வால்டையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். 1960 டிசம்பரில் சி.ஐ.ஏ. அவருக்குத் தனிக் கோப்பு தொடங்கியபோது அதில் எழுதியது லீ ஹென்றி ஆஸ்வால்ட். தபாலில் துப்பாக்கி வாங்கியது ஏ. ஹிடெல். டாலஸில் வாடகை அறை எடுத்தது ஓ. எச். லீ. சோவியத் மின்ஸ்க் நகரத்து நண்பர்களுக்கு அவர் அலிக். உங்கள் இயந்திரம் ஹென்றியையும் ஹார்வியையும் சேர்த்துவிடும், ஏனென்றால் மற்ற இரண்டு சொற்களும் ஒன்று. ஹிடெலை எப்படிச் சேர்க்கும்? எழுத்தில் ஒற்றுமை துளியும் இல்லை. தபால் பெட்டி விண்ணப்பம், கையெழுத்து நிபுணரின் அறிக்கை, பையில் கிடைத்த அடையாள அட்டை, இவ்வளவும் சேர்ந்துதான் ஹிடெல் என்பவர் ஆஸ்வால்ட் ஆகிறார். அது துப்பறிந்து வந்த முடிவு. எழுத்தெண்ணி வராது.

#4 தேனீ

இவ்வளவு பேச்சு எதற்கு? ஒரு தேடல் பெட்டி வைத்தால் போதாதா? பெயரைத் தட்டினால் பக்கம் வரப்போகிறது.

#5 ஏழாம்அலமாரி

வராத பக்கம் வரவில்லை என்று அது உங்களிடம் சொல்லாது, தேனீ. மங்கிய கார்பன் நகலில் ஆஸ்வால்டின் முதல் எழுத்தை இயந்திரம் சுழியமாக வாசித்திருந்தால், நீங்கள் தட்டும் பெயருக்கு விடை வெறுமை. ‘இந்தக் கோப்பில் அவர் இல்லை’ என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுவீர்கள். ஆராய்ச்சியில் மோசமான பிழை அதுதான், யார் கண்ணிலும் படாது.

#6 நிரல்நேசன்

இதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சோதனை ஓட்டத்தில் ஒரே தந்தியின் மூன்று நகல்கள் வந்தன. முதல் நகலில் பெயர் சரியாக வந்தது, இரண்டாவதில் ஓ-வுக்குப் பதில் சுழியம், மூன்றாவதில் ரப்பர் முத்திரை பெயரின் குறுக்கே விழுந்து பாதிப் பெயரைத் தின்றுவிட்டது. அதனால்தான் கொத்தாகக் கட்டுகிறேன். மூன்றையும் தனித்தனியாக விட்டால் நீங்கள் சொன்ன வெறுமைதான் மிஞ்சும். கட்டுவதே குற்றம் என்றால் என்ன செய்வது?

#7 கறுப்பங்கி

வழக்கறிஞராகச் சொல்கிறேன், கட்டுவதில்தான் குற்றம் நுழைகிறது.

இதே கென்னடி வழக்கில் அது நடந்திருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் டீன் ஆண்ட்ரூஸ் 1964இல் வாரன் ஆணையத்திடம், ‘க்ளே பெர்ட்ராண்ட்’ என்பவர் தம்மைத் தொலைபேசியில் அழைத்து ஆஸ்வால்டுக்காக வாதாடச் சொன்னதாகச் சாட்சியம் கொடுத்தார். அந்த பெர்ட்ராண்ட் யார் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் மாவட்ட வழக்கறிஞர் ஜிம் கேரிசன், அவர் உள்ளூர் வணிகப் பிரமுகர் க்ளே ஷாவே என்று முடிவுசெய்தார். 1967 மார்ச் 1 அன்று கென்னடி கொலைச் சதி வழக்கில் ஷா கைது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1969 மார்ச் 1 அன்று, ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் அவரை விடுதலை செய்தார்கள். கேரிசன் விடவில்லை, பொய்ச்சாட்சி வழக்கு போட்டார். அதைக் கூட்டரசு நீதிமன்றம் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. 1974இல் ஷா இறந்தார். சேமிப்பெல்லாம் வழக்குச் செலவில் போயிருந்தது.

அடைவின் மொழியில் சொன்னால் இது ஒரே ஒரு வரி: ‘பெர்ட்ராண்ட், க்ளே — காண்க: ஷா, க்ளே.’ முதற்பெயர் ஒன்று, ஊர் ஒன்று, காலம் ஒன்று. உங்கள் இயந்திரத்துக்கு இதைவிட நல்ல பொருத்தம் கிடைக்குமா? ஒரு மாவட்ட வழக்கறிஞர் போட்ட அந்த ஒரு வரிக்கு ஒரு மனிதனின் வாழ்க்கை போயிற்று. நீங்கள் ஓர் இரவில் எத்தனை ‘காண்க’ போடப்போகிறீர்கள்?

#8 டாலஸ்பித்தன்

ஷாவின் கதை எனக்கும் மனப்பாடம், சார். ஆனால் பெயர்களைக் கட்டாமல் விட்டதால் வந்த கேடு ஒன்றையும் கேளுங்கள்.

1978இல் பிரதிநிதிகள் சபைக் குழு கொலையை மறுபடி விசாரித்தபோது, சி.ஐ.ஏ. தன் தரப்பில் குழுவுக்குத் தொடர்பு அதிகாரியாக ஜார்ஜ் ஜோயனிடிஸ் என்பவரை அனுப்பியது. கோப்பு கேட்டால் எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. 1963இல் மயாமியில் காஸ்ட்ரோ எதிர்ப்புக் கியூப மாணவர் அமைப்பு ஒன்றைக் கவனித்துக்கொண்ட அதிகாரியே அவர்தான் என்பதைக் குழுவிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் ஆஸ்வால்டோடு கைகலந்தவர்கள் அதே அமைப்பின் ஆட்கள். அதாவது, சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியவரைக் கோப்பு எடுத்துத் தரும் எழுத்தராக உட்காரவைத்தார்கள். குழுவின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் பிளேக்கி பிற்காலத்தில் வெளிப்படையாகவே கொதித்தார். 2025 ஜூலையில் வந்த தாள்களில் ஜோயனிடிஸுக்கு கெப்ளர் என்ற பொய்ப்பெயரில் ஓட்டுநர் உரிமம் இருந்தது வெளிப்பட்டது.

புனைபெயரையும் உண்மைப் பெயரையும் கட்டும் அடைவு ஒன்று 1978இல் அந்தக் குழுவின் மேசையில் இருந்திருந்தால்? பெயர் ஒளிந்திருப்பதால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். எளியவனுக்கு அல்ல.

#9 ஏழாம்அலமாரி

கேள்வி நல்ல கேள்வி. விடைதான் உங்களுக்கு உதவாது. குழுவின் கையில் இருந்த தாள்களில் அந்தத் தொடர்பு எழுதப்படவே இல்லை. தாளில் இல்லாததை எந்த அடைவும் தராது. அந்தக் கட்டு அவிழ்ந்தது ஜெஃபர்சன் மோர்லி என்ற பத்திரிகையாளர் ஆண்டுக்கணக்கில் துருவியதாலும் வழக்காடியதாலும். கணினி அதில் எங்கே வந்தது?

#10 டாலஸ்பித்தன்

மோர்லி எந்தத் தாளைக் கேட்டு வழக்காடுவது என்று எப்படித் தெரிந்துகொண்டார்? பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்துத்தானே? எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதையும் அடைவுதான் காட்டும்.

#11 கூடலான்

வாதத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. இந்தக் கோப்புகளில் நம் மொழியின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடிப்பாருங்கள். ‘லிடமில்-9’ என்று ஒருவர் வருவார். யாரோ ஈழத்தவர் என்று அரை நாள் மகிழ்ந்திருந்தேன். மெக்சிகோ நகரத்துக் கியூபத் தூதரகத்துக்குள் சி.ஐ.ஏ. வைத்திருந்த ஆளாம்!

#12 நிரல்நேசன்

சம்பந்தம் இருக்கிறது, கூடலான். அது சி.ஐ.ஏ. தாள்களில் உண்மைப் பெயருக்குப் பதில் எழுதும் மறைபெயர். முதலில் வரும் ‘லி’ மெக்சிகோவுக்கான முன்னொட்டு, கியூபாவுக்கு ‘ஆம்’. அதன்பின் வருவது ஏதோ ஒரு சொல், பொருள் பார்க்கக் கூடாது. கியூபத் தளபதி ரோலாண்டோ கியுபெலா ‘ஆம்லாஷ்’ என்று வருகிறார். சி.ஐ.ஏ. தன்னையே ‘குபார்க்’ என்றும் எஃப்.பி.ஐ.யை ‘ஒடென்வி’ என்றும் எழுதும். மெக்சிகோ நிலையத் தலைவர் வின்ஸ்டன் ஸ்காட் தந்திகளில் கர்ட்டிஸ் என்றே கையொப்பமிடுவார். முழுதும் பெரிய எழுத்தில் தட்டச்சான இந்த மறைபெயர்களைப் பிடிப்பதில் இயந்திரம் மனிதக் கண்ணைவிடக் கூர்மை. மனிதர் இருநூறாவது பக்கத்தில் கொட்டாவி விடுவார்.

#13 பழைய ரிக்கார்டு

தம்பிகளே, நான் நீதிமன்ற ரிக்கார்டு அறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கென்னடியைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது. பெயரைப் பற்றித் தெரியும்.

நம் ஊர்க் குற்றப்பத்திரிகையில் எதிரியின் பெயர் எப்படி வரும் என்று பார்த்திருக்கிறீர்களா? ‘முருகன் @ கட்டை முருகன், த/பெ. இன்னார், வயது, கதவு எண், தெரு, ஊர்.’ நடுவில் இருக்கும் அந்த @ மின்னஞ்சலுக்கு முந்தியது. ‘என்கிற’ என்று பொருள். நிரல்நேசன் தம்பியின் இயந்திரம் அதை மின்னஞ்சல் முகவரி என்று நினைக்குமோ என்னவோ!

நான் சொல்லவந்தது வேறு. அந்த @ குறியைப் போடுவது யார்? நிலைய எழுத்தர், ஆய்வாளர் சொல்லக் கேட்டு. ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பார். சில சமயம் இன்னொரு வழக்கில் தேடப்படும் கட்டை முருகனும் இவனும் ஒன்று என்று காட்டுவதற்காகவே அந்தக் குறி உள்ளே வரும். வழக்கு நடந்து, அவன் வேறு இவன் வேறு என்று விடுதலையாகிப் போனாலும் குற்றப்பத்திரிகையில் உள்ள குறியை யாரும் அழிப்பதில்லை. கட்டோடு கட்டாக அலமாரிக்குப் போய்விடும். அடுத்து அந்தக் கட்டை அவிழ்க்கிறவனுக்கு @ மட்டும்தான் தெரியும். தீர்ப்பு கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதுவரை புரட்ட மாட்டான்.

எங்கள் பேரேட்டில் பெயரை நம்பி எதையும் தேடியதில்லை. தகப்பன் பெயர், ஊர், வழக்கு எண், மூன்றும் ஒத்துவந்தால்தான் கட்டைக் கீழே இறக்குவோம்.

#14 நிரல்நேசன்

ஐயா, @ குறியை இதுவரை எண்ணிப்பார்க்கவில்லை, நன்றி. அமெரிக்கத் தாள்களில் த/பெ. இல்லை என்பதுதான் சிக்கல். பிறந்த தேதி சில இடங்களில் உண்டு, கோப்பு எண் உண்டு. ஆஸ்வால்டின் எஃப்.பி.ஐ. தலைமையகக் கோப்பு 105-82555. அந்த எண்ணின் கீழ் வரும் ‘லீ’யையும் வேறு கோப்பில் வரும் ‘லீ’யையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரிக்க முடியும். எஃப்.பி.ஐ.யின் பழைய அட்டை அடைவிலேயே இந்த வேறுபாடு இருந்தது. ஒருவரைப் பற்றியே தொடங்கிய கோப்பு என்றால் முதன்மைக் குறிப்பு, வேறு யாருடைய கோப்பிலோ அவர் பெயர் தலைகாட்டினால் வெறும் பார்வைக் குறிப்பு.

#15 கறுப்பங்கி

அந்த வேறுபாடு தெரிந்தவர்கள் நீங்களும் இங்கே பத்துப் பேரும். பொதுவில் வைத்தால் வருபவர் தம் மாமனார் பெயரைத் தட்டிப் பார்ப்பவர். ‘கென்னடி கொலைக் கோப்பில் 14 இடங்களில் வருகிறார்’ என்று திரையில் தோன்றும். அவர் அந்தக் காலத்தில் தந்தி அலுவலகத்தில் நகல் பெற்றுக்கொண்ட எழுத்தராக இருக்கலாம்.

இன்னொன்று. மார்ச் 18 வெளியீட்டில் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? மறைப்பை நீக்குகிற அவசரத்தில் உயிரோடு இருப்பவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களையும் (நம் ஆதார் எண் மாதிரி) சேர்த்தே வெளியிட்டார்கள். 400 பேருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அவர்களில் பலர் நாடாளுமன்றக் குழுக்களில் அன்று வேலைசெய்த ஊழியர்கள். அரசாங்கத்துக்கே கைநழுவிய தாள்களின் மேல் நீங்கள் அடைவு கட்டப்போகிறீர்கள். எண் கிடக்கும் பக்கத்தைத் தேடிப்பிடிக்க இதுவரை கஷ்டம் இருந்தது. அடைவு வந்தால் அதுவும் இல்லை.

நம் நீதிமன்றங்களிலும் இதே சண்டை ஓடுகிறது. விடுதலையான ஒருவர், தீர்ப்புகளைத் தேடித் தரும் தளத்தில் தம் பெயர் நிற்கிறது, அதை எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்பு பொது ஆவணம் என்பதை யாரும் மறுக்கவில்லை. பெயரைத் தட்டினால் நொடியில் வந்து நிற்பதுதான் அவருடைய வழக்கு.

#16 டாலஸ்பித்தன்

உச்ச நீதிமன்றம் தடை விதித்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்களே, சார். பொது ஆவணத்தைத் தேட முடியாமல் வைத்திருந்தால் அது யாருக்குப் பொது? அமெரிக்க நாடாளுமன்றம் 1992இல் தனிச் சட்டம் போட்டு இந்தத் தாள்களைத் திறக்கச் சொன்னது. 2017 அக்டோபரோடு முடிந்திருக்க வேண்டியதை 2025 வரை இழுத்தார்கள். இப்போது திறந்த பிறகு, ‘பார், ஆனால் தேடாதே’ என்கிறீர்கள்.

#17 நிரல்நேசன்

பனாமா ஆவணங்களில், அதாவது வெளிநாட்டு மறைவு நிறுவனங்கள் பற்றிக் கசிந்த தாள்களில், ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். 2016இல் சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பின் கையில் 1 கோடியே 15 லட்சம் கோப்புகள் இருந்தன. பொதுமக்களுக்கு அந்தக் கோப்புகளைத் திறந்துவிடவில்லை. நிறுவனங்கள், அவற்றின் பின்னால் உள்ள பெயர்கள், இவற்றுக்கிடையே உள்ள தொடர்புகள் மட்டும் தேடல் தளத்தில் வந்தன. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், தொலைபேசி எண் எதுவும் வரவில்லை. பட்டியலில் இருப்பதாலேயே யாரும் குற்றவாளி அல்ல என்று எச்சரிக்கையும் போட்டார்கள்.

#18 கறுப்பங்கி

எச்சரிக்கையை வெட்டிவிட்டுத்தான் திரைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நீங்கள் பார்த்ததில்லையா?

#19 தேனீ

திரைப்படம் இல்லை சார், திரைப்பிடிப்பு. :-)

#20 ஏழாம்அலமாரி

பனாமாவில் பெயர்கள் நிறுவனப் பதிவேட்டிலிருந்து வந்தன. இயக்குநர் என்றால் இயக்குநர், பங்குதாரர் என்றால் பங்குதாரர். அந்த உறவைப் பதிவேடே சொல்லியது. விசாரணைத் தாளில் அப்படி இல்லை. ஒரே பக்கத்தில் சந்தேகிக்கப்பட்டவர், அவரைப் பற்றிக் கோள் சொன்ன அண்டைவீட்டுக்காரர், கேட்டு எழுதிய அதிகாரி, தட்டச்சு செய்தவர் எல்லோரும் இருப்பார்கள். உங்கள் அடைவு நால்வரையும் சமமாக நிறுத்துகிறது. ‘ஒரே பக்கத்தில் வருகிறார்கள்’ என்று கோடு வேறு இழுக்கிறது.

கொத்தாகக் கட்டுவதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எழுத்துப்பிழையைக் கட்டுங்கள், ஆளைக் கட்டாதீர்கள். சுழியத்தோடு வந்த ஆஸ்வால்டையும் சரியாக வந்த ஆஸ்வால்டையும் சேர்ப்பது தாளை ஒழுங்காக வாசிப்பது. ஹிடெலையும் ஆஸ்வால்டையும் சேர்ப்பது தீர்ப்பு எழுதுவது. அதைச் செய்பவர் ஆதாரப் பக்க எண்ணையும் தம் பெயரையும் அந்த இணைப்பின் அருகில் போட வேண்டும். மேரி ஃபெரலின் அட்டைகளை நம்பினோம் என்றால், எழுதியவர் யார் என்று தெரிந்ததால் நம்பினோம்.

#21 நிரல்நேசன்

இது செய்யக்கூடியதே. முதல் அடுக்கில் பக்கத்தில் உள்ள எழுத்து உள்ளபடி, அதன் அருகே பெயர் வரும் இடத்தின் சிறு படத்துண்டு. இயந்திரம் வாசித்தது சரியா என்று யாரும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் அடுக்கில் மனிதர் கையொப்பமிட்ட இணைப்புகள். எதிர் இணைப்பும் போடலாம்: ‘பெர்ட்ராண்ட், ஷா அல்லர், ஆதாரம் இன்ன பக்கம்.’ சமூகப் பாதுகாப்பு எண் போன்ற வடிவங்களை இயந்திரமே பிடித்து அந்தப் பக்கங்களை முதல் அடுக்கிலிருந்தே நீக்கிவிடும். ஆனால் முதல் அடுக்கை இப்போதே வெளியிடுவேன். இரண்டாம் அடுக்கு முடியும்வரை காத்திருக்கச் சொன்னால் என் பேரன்தான் வெளியிடுவான்.

#22 பழைய ரிக்கார்டு

எதிர் இணைப்பு நல்ல யோசனை, தம்பி. எங்கள் காலத்தில் விடுதலைத் தீர்ப்புக்கு அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் எத்தனையோ பேர் மறுபடி மறுபடி நிலையத்துக்கு நடந்திருக்க மாட்டார்கள். பக்கங்களைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் எனக்கும் அனுப்புங்கள். பாதி அழிந்த கார்பன் நகலைப் படிப்பதில் பழக்கம் உண்டு. ஆண்ட்ரூஸ் வழக்கறிஞரின் சாட்சியத்தை முதலில் அனுப்புங்கள், அந்த மனிதர் உண்மையில் என்னதான் சொன்னார் என்று படிக்க வேண்டும்.

#23 கறுப்பங்கி

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சோதனைத் தளத்தின் முகப்பில் ‘அதிகம் இடம்பெறும் பெயர்கள்’ என்று எண்ணிக்கை வரிசையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை எடுப்பீர்களா?

#24 நிரல்நேசன்

மாட்டேன். எண்ணிக்கை வரிசைதான் எனக்குப் பிழை பிடித்துக் கொடுக்கிறது. நகல் யார் யாருக்கு என்னும் விநியோகப் பட்டியலில் மட்டும் வரும் அதிகாரிகள் மேலே மிதந்து வந்தார்கள், அதைப் பார்த்துத்தான் அவர்களைத் தனியாகப் பிரித்தேன்.

#25 கறுப்பங்கி

அப்படியானால் அதை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவில் அது குற்றவாளிகளின் தரவரிசையாகத்தான் படிக்கப்படும். அந்தப் பட்டியல் முகப்பில் இருக்கும்வரை இரண்டாம் அடுக்குக்கு என் கையொப்பம் கிடையாது.

#26 நிரல்நேசன்

முகப்பிலிருந்து உள்பக்கத்துக்கு மாற்றுகிறேன், கணக்கு வைத்திருக்கும் சரிபார்ப்பாளர்களுக்கு மட்டும் தெரியும்படி. அதற்கு மேல் இறங்க மாட்டேன். முதல் நூறு பக்கங்கள் பழைய ரிக்கார்டு ஐயாவுக்கு இன்றிரவு போகின்றன, ஆண்ட்ரூஸ் சாட்சியம் மேலே இருக்கும்.

#27 ஏழாம்அலமாரி

எனக்கும் அதே நூறு பக்கங்களை அனுப்புங்கள். அவர் செய்ததைப் பார்க்காமல் தனியாகச் செய்கிறேன். எத்தனை இடத்தில் நாங்கள் இருவரும் வேறுபடுகிறோம் என்று பார்த்த பிறகு வெளியீட்டுத் தேதியைப் பேசுவோம்.